டாக்கீஸின் பக்கக் கதவு

28 ஆகஸ்ட், வியாழன்

விடிந்ததிலிருந்து தூறல். விறகு நனைந்து ஒரே புகை. முருங்கைக்கீரைக்கு லில்லி உப்பை அள்ளிப் போட்டுவிட்டாள். இது இரண்டாவது தடவை. போன மாதம் பதினொன்றாம் தேதியும் இப்படித்தான்.

மதியம் ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு நோட்டீஸ் வீசினார்கள். லில்லி என் மருமகள், நாற்பது வயசு ஆகப்போகிறது. தெருவில் ஓடிப் பொறுக்கினாள். ரோஸ் காகிதம்.

"அத்தை, இத்த பாருங்க. நம்ப சாமு மாமா எடுத்த படமாம். திருப்பதியில ரெண்டாவது வாரமா ஓடிக்கினு கீது. அடுத்த வெள்ளிக்கிழம நம்ப சித்தூருக்கு வருதாம்."

"எந்த சாமு?"

"இன்னா அத்தை, தெரியாத மாதிரி கேக்கறீங்க. உங்க அக்கா புள்ளதான்."

"எனக்கு அக்கா இல்ல."

லில்லி காகிதத்தை நீவிவிட்டாள். இந்த வீட்டுக்கு வந்து பதினாலு வருஷம், பழகிவிட்டது.

நோட்டீஸ் தெலுங்கில். எனக்குத் தமிழே மூன்றாம் வகுப்பு வரைதான். படிக்கச் சொன்னேன். பயங்கரப் படமாம். கனவில் வந்தது விழித்த பிறகும் விடாதாம். கர்ப்பிணிகள் வரவேண்டாமாம். படத்தின் பெயர் 'தலுப்பு தீயகூடது'. கதவைத் திறக்கக் கூடாது.

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

இந்த வார்த்தையை யார் யாரிடம் சொன்னது என்று எனக்குத் தெரியும். நாற்பத்திரண்டு வருஷம் முன்பு. சித்திரை, செவ்வாய்க்கிழமை. என் மூத்தவன் சின்னுவுக்கு நாலு வயசு. தொண்டை அடைப்பான். ஆஸ்பத்திரியில் தனி அறையில் போட்டார்கள். இரண்டு தடவை என்னிடம் ஓடி வந்துவிட்டான் என்று வெளியே பூட்டினார்கள். என் அக்கா டார்க்கஸ்தான் அங்கே வார்டு ஆயா. சாவிக்கொத்து அவள் இடுப்பில். நான் ஐந்து மாதத்து ஆபிரகாமை மார்பில் போட்டுக்கொண்டு வராந்தாவில். பகல் ஒன்றரைக்குச் சின்னு உள்ளேயிருந்து தட்டினான். சின்னக் கை. "அம்மா, தொற."

டார்க்கஸ் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு, "கதவத் தொறக்கக் கூடாதுடி எஸ்தரு. கைக்கொழந்தைக்கு ஒட்டிக்கும்" என்றாள். காலில் விழுந்தேன். சாவி தரவில்லை. மூன்றே முக்கால் வரைக்கும் தட்டினான். அப்புறம் தட்டவில்லை.

அன்றோடு அவளுடன் பேச்சு நின்றது. அவள் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவள் புருஷன் சாவுக்கும் போகவில்லை.

29 ஆகஸ்ட், வெள்ளி

வெயில். வடாம் மாவு கிளறினேன்.

யோசித்து யோசித்துப் புரிந்துவிட்டது. பகலில் கண்ணயர்ந்தால் எனக்கு ஒரே கனவுதான். வராந்தா, கதவு, தட்டுகிற சத்தம், என் கை எழும்பாது. அதனாலேயே நாற்பத்திரண்டு வருஷமாகப் பகலில் தலை சாய்த்ததில்லை. மிஷன் போர்டிங் சமையலறையில் வேலை பார்த்த காலத்தில், மத்தியானம் எல்லோரும் படுத்துக்கொள்ள நான் மட்டும் தவலை தேய்ப்பேன். உழைப்பாளி என்று பேர் வந்தது. காரணம் இதுதான்.

இந்தக் கனவை ஒரே ஒருத்தியிடம் சொன்னேன், எங்கள் அம்மாவிடம், அவள் சாகிற வருஷம். அம்மா டார்க்கஸிடம் சொல்லியிருப்பாள். டார்க்கஸ் மகனிடம் சொல்லியிருப்பாள். பிள்ளை போனது போதாது, கனவும் போயிற்று. டிக்கெட் வைத்துக் காட்டுகிறான்.

நேரில் பார்த்துவிட்டுத்தான் திட்டவேண்டும். பார்க்காமல் திட்டுவது என் பழக்கமில்லை.

"நாளைக்குத் திருப்பதி போறேன். கண்ணு காட்டணும்."

"சித்தூர்ல கண்ணு டாக்டரே இல்லியா அத்தை?"

"இங்க கீறவனுக்கு என் கண்ணு புரியாது."

லில்லி கொஞ்ச நேரம் முறத்தைப் புடைத்தாள். அப்புறம், "எனக்கும் ரெண்டு நாளா கண்ணுல நீரு வடியுது" என்றாள். கள்ளி.

30 ஆகஸ்ட், சனி

திரும்பி வந்து எழுதுகிறேன்.

கொண்டுபோனது: புளிச்சோறு, குடை, தண்ணீர் பாட்டில். வேதப்புத்தகம் எடுக்கவில்லை, அதைக் கொண்டுபோகிற இடமில்லை. பஸ்ஸில் காணிப்பாக்கம் கூட்டு ரோட்டில் ஒரு கும்பல் ஏறியது. என் காலை மிதித்த சிவப்புப் புடவைக்காரி மன்னிப்புக் கேட்கவில்லை. முகம் ஞாபகம் இருக்கிறது.

நான் இதற்கு முன் பார்த்த சினிமா இரண்டே இரண்டு. எட்டு வயசில் மிஷன் காம்பவுண்டில் வெள்ளை வேட்டி கட்டிக் காட்டிய கர்த்தருடைய சரித்திரம். சிலுவைக்கு வரும்போது மிஷின் நின்றுவிட்டது, உயிர்த்தெழுந்ததைப் பார்க்கவே இல்லை. அப்புறம் கல்யாணமான புதிதில் அவர் கூட்டிப்போனது ஒன்று. தூங்கிவிட்டேன்.

இது மூன்றாவது. பகல் ஆட்டம். பெண்கள் பெஞ்சு சுவரை ஒட்டி. எனக்குக் கிடைத்த இடம் பக்கக் கதவுக்குக் கைக்கெட்டும் தூரம். மரக்கதவு, இரும்புத் தாழ்ப்பாள்.

முதலில் சிரிப்புதான் வந்தது. ஆஸ்பத்திரிச் சுவர் என்று காட்டியது துணி, காற்றில் ஆடியது. டாக்டர் கோட்டில் தையல் பிரிந்திருந்தது. லில்லியிடம் "உங்க மாமாவுக்கு ஊசி நூலுக்கும் வழியில்ல" என்றேன். அதுதான் நான் கடைசியாகச் சிரித்தது.

பயங்கரப் படம் என்றால் இருட்டும் மின்னலும் நாய் ஊளையும் என்று நினைத்திருந்தேன். இதில் இருட்டே இல்லை. எல்லாம் பட்டப்பகல். வராந்தாவில் சித்திரை வெயில் கட்டம் கட்டமாக விழுகிறது. அந்த வெயிலைப் பார்த்தே எனக்கு வேர்த்தது.

கதை ஒரு வார்டு ஆயாவைப் பற்றியது. மத்தியானம் பெஞ்சில் சாய்கிறாள். கனவில் நீள வராந்தா. இரண்டு பக்கமும் மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆண், பெண், குழந்தை எல்லோரும் மொட்டை. வெள்ளைத் துணி. ஒன்றும் செய்யவில்லை, சும்மா பார்க்கிறார்கள். கடைசிக் கதவில் உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம். சாவிக்கொத்தில் ஒவ்வொரு சாவியாகப் போடுகிறாள், ஒன்றும் சேரவில்லை. விழித்துக்கொள்கிறாள். சோறு தின்ன டப்பாவைத் திறக்கப்போகிறாள். டப்பாவுக்கு உள்ளேயிருந்து தட்டுகிறது. சின்னக் கை தட்டுகிற மாதிரி.

ஒரு சோற்று டப்பா. அதை வைத்துக்கொண்டு ஒரு கொட்டகையையே அலறவைத்துவிட்டான். அங்கேயே அவன்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. கோபம் கோபமாகவே இருந்தது, மரியாதை அதற்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் மொட்டைகள் கனவைவிட்டு வெளியே வர ஆரம்பித்தார்கள். குழாயடியில் ஒருத்தி. பஸ் ஜன்னலில் ஒருவன். அந்த நேரம் பார்த்து எங்களுக்கு நாலு வரிசை முன்னால், மலையில் முடி கொடுத்துவிட்டு வந்த நிஜ மொட்டை ஒருவன் ஒன்றுக்குப் போக எழுந்தான். கொட்டகையே கத்தியது.

"டேய், உக்காருடா! நீ படத்துல கீறியா, வெளிய கீறியா?"

"யோவ், ஒண்ணுக்குப் போறேன்யா!"

"பேய்க்கு ஒண்ணுக்கு வருதுடா!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் படத்தில் தபால் பெட்டி தட்டியது. சிரிப்பு அப்படியே நின்றது.

நான் காத்துக்கொண்டே இருந்தேன், அம்மாவை எப்போது காட்டுவான், என் கனவை எப்போது கேலிக்கூத்து ஆக்குவான் என்று. அம்மாவைக் காட்டவே இல்லை. ஒரே ஒரு தடவை, முதுகுப்பக்கம், தோளில் கைக்குழந்தையின் தலை. அவ்வளவுதான். இது அம்மாவின் கனவு இல்லை. கதவுக்கு வெளியே சாவியை வைத்துக்கொண்டு நின்றவளின் கனவு.

இது எனக்குத் தோன்றவே இல்லை. நாற்பத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் தோன்றவில்லை.

முடிவில் அந்த ஆயா கிழவியாகி, தெருத்தெருவாய் நடந்து ஒரு வீட்டு முன்னால் நிற்கிறாள். செத்த பிள்ளையின் அம்மா வீடு. சாவிக்கொத்தைக் கீழே வைக்கிறாள். கையைத் தூக்குகிறாள். தட்டுகிறாள். திரை வெள்ளையாகிவிட்டது. சத்தம் நின்றது. முடிந்தது என்று எழுத்துப் போடவில்லை.

அப்போது என் பக்கத்துக் கதவில் தட்டினார்கள்.

படத்தில் இல்லை. நிஜக் கதவில். மூன்று தட்டு, நிறுத்தி, மூன்று தட்டு.

பெஞ்சில் இருந்தவள் என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "ஆயா, நீதான் கிட்ட கீற. போய்த் தொற!"

"நீ போய்த் தொறயேன்."

"நான் புள்ளகுட்டிக்காரி!"

என் கை தாழ்ப்பாள் வரைக்கும் போய்விட்டது. எடுத்துக்கொண்டேன். லைட் போட்டார்கள். எல்லோரும் பெரிய வாசல் வழியாக விழுந்தடித்து ஓடினார்கள். நானும் லில்லியும்கூட.

வெளியே வந்தால் திருப்பதி. பஸ் ஸ்டாண்ட் முழுக்க மொட்டை. சந்தனம் பூசிய மொட்டை, பூசாத மொட்டை, தொப்பி போட்ட மொட்டை, அம்மா இடுப்பில் குட்டி மொட்டை. எல்லோரும் பஸ்ஸுக்காக வரிசையாக உட்கார்ந்து சும்மா பார்க்கிறார்கள். லில்லி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, படம் முடியலியா?" என்றாள்.

கெட்டிக்காரன். இந்த ஊரில் பிறக்காதவனுக்கு இப்படி ஒரு பேய் கிடைக்காது.

31 ஆகஸ்ட், ஞாயிறு

மப்பு. ஆலயத்தில் பாஸ்டர் ஐயா சினிமாவைப் பற்றிப் பிரசங்கித்தார். சாத்தானுடைய கூடாரம் என்றார். லில்லி தலை நிமிரவில்லை. நான் நேராகப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும். சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஆயத்த ஆராதனை. எங்கள் சபையில் அது பழைய வழக்கம். ஐயா எல்லோரையும் பார்த்து, "யார்மேலாவது மனத்தாங்கல் உண்டா?" என்று கேட்பார். உண்டு என்றால் போய் ஒப்புரவாகி வரவேண்டும். இல்லையென்றால் பந்தியில் உட்காரக்கூடாது. மற்றவர்கள் எல்லோரும் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். வேலிக்காக வழக்குப் போட்டவர்கள், மாமியாருக்குச் சோறு போடாதவள், பெண்கள் சங்கத்துக் காரியதரிசி வேலையை என்னிடமிருந்து பிடுங்கினவள், எல்லோரும். நான் மட்டும் எழுந்து வெளியே போவேன். நாற்பத்திரண்டு வருஷமாகத் திருவிருந்து எடுத்ததில்லை. பொய் சொல்லிவிட்டு அந்தப் பாத்திரத்தில் வாய் வைக்க மாட்டேன்.

1 செப்டம்பர், திங்கள்

துணி துவைத்தேன். காயவில்லை.

இன்று தட்டியவை: அரிசி டின், தையல் மிஷின் மூடி, ஆபிரகாமின் பழைய டிரங்குப் பெட்டி. எலிதான், தெரியும். தெரிந்தும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். லில்லி சோற்று டப்பாவை என்னைத் திறக்கச் சொல்லிவிட்டுத் தூர நிற்கிறாள்.

எப்படிச் செய்தான் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். மொட்டைகள் யாரும் பல்லைக் காட்டவில்லை, ரத்தம் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்ததுதான் பயம். அந்த ஆயாவாக வந்தவளுக்கு முகத்தில் பவுடர்கூட இல்லை. சாவியைத் தேடும்போது அவள் கட்டை விரல் ஒவ்வொரு சாவியையும் தடவியது. டார்க்கஸ் அப்படித்தான் தடவுவாள். சின்ன வயசில் கடலைக்காய் உரிக்கும்போதே அப்படித்தான்.

3 செப்டம்பர், புதன்

வெயிலும் தூறலும் சேர்ந்து. சாமு வந்தான்.

போஸ்டர் ஒட்டும் ஆளோடு சித்தூருக்கு வந்திருக்கிறான். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "சின்னம்மா" என்றான். நாற்பது வயசில் முடி கொட்டிவிட்டது. மூக்கு எங்கள் நைனா மூக்கு.

"அங்கயே நில்லு. இன்னாத்துக்கு வந்த?"

"லில்லி சொல்லிச்சு, நீங்க படம் பாத்தீங்கன்னு. திட்டினா நேர்ல வாங்கிக்கலாம்னு வந்தேன்."

லில்லிக்கு வாய் நிற்காது. உள்ளே வரச் சொன்னேன். டீ போட்டுக் கொடுத்தேன். வெறும் வயிற்றோடு இருப்பவனைத் திட்டினால் சரியாக உறைக்காது.

"செவுரு துணின்னு தெரியுது. காத்துல ஆடுது" என்றேன் முதலில்.

"லைட்டு வாடகைக்கு எடுக்க வக்கில்ல சின்னம்மா. அதான் எல்லாம் பகல்ல. மத்த கம்பெனிங்க மீத்து வெச்ச துண்டு பிலிம வாங்கி ஒட்டி ஒட்டி எடுத்தது."

"மொட்டைங்க?"

சிரித்தான். மலை அடிவாரத்தில், அலிபிரியில் இவனுக்குப் போட்டோ கடை. மலை படம் வரைந்த திரைக்கு முன்னால் உட்காரவைத்து, முடி கொடுத்துவிட்டு இறங்கி வருகிறவர்களைப் படம் எடுப்பான். "அஞ்சு நிமிசம் இந்த வராந்தால சும்மா குந்துங்க, ஒரு போட்டோ இனாம்னு சொன்னேன். எந்த ஊர்க்காரங்களோ. வந்தாங்க, குந்தினாங்க, போட்டோ வாங்கினாங்க, பஸ் ஏறிட்டாங்க. பேயா நடிச்சோம்னு அவங்களுக்கே தெரியாது."

ஆயாவாக நடித்தவள் கடைக்குப் பக்கத்தில் தேங்காய் விற்கிறவளாம். "நடிக்காதக்கா, சாவியத் தேடு, போதும்னு சொன்னேன்" என்றான்.

நன்றாகச் செய்திருக்கிறான் என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டுக் கேட்டேன். "அது என் கனவு. உனக்கு யார் சொன்னது? உங்கம்மாதான?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். நிஜமாகவே புரியவில்லை அவனுக்கு.

"உங்க கனவா? இல்ல சின்னம்மா. அது எங்கம்மாவோடது. எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லருந்து அம்மா பகல்ல படுக்கறதில்ல. ஒரு தபா காய்ச்சல்ல படுத்திச்சு. எழுந்து இடுப்பத் தடவிக்கினு, சாவி எங்கடா, சாவி எங்கடான்னு வீடு முழுக்கத் தேடிச்சு. ஆஸ்பத்திரி வேலய விட்டு அப்ப இருவது வருசம் ஆச்சு. எந்தக் கதவுக்கும்மான்னு கேட்டேன். சொல்லல. போன வருசந்தான் சொல்லிச்சு."

"இன்னா சொல்லிச்சு?"

"தொறந்திருந்தா சின்னுவும் போயிருப்பான், ஆபிரகாமும் போயிருப்பான். தொறக்காததால ஒருத்தன் கெடச்சான். ஆனா என் தங்கச்சி போயிட்டா. அப்படின்னு."

ஆபிரகாம் அந்த நேரம் பால் பண்ணையில் டியூட்டி. நாற்பத்திரண்டு வயசு. காலையில் ஆறு தோசை தின்றுவிட்டுப் போனான்.

நான் எழுந்துபோய் வடாமைத் திருப்பிப் போட்டேன். திரும்பி வரும்போது சாமு போய்விட்டிருந்தான். டீயில் பாதி மிச்சம். கொடுத்ததை மிச்சம் வைப்பது டார்க்கஸ் வளர்ப்பு.

5 செப்டம்பர், வெள்ளி

படம் இன்று சித்தூரில் போட்டார்கள். ரயில் கேட்டுக்குப் பக்கத்து டாக்கீஸ். நான் போகவில்லை. மிளகாய் அரைக்கவேண்டியிருந்தது.

லில்லி பகல் ஆட்டத்துக்குப் போய்விட்டு வந்தாள். பாஸ்டர் ஐயாவின் மச்சினன் முண்டாசு கட்டிக்கொண்டு மூன்றாம் வரிசையில் இருந்தானாம். குறித்து வைத்துக்கொள்கிறேன்.

"இங்கயும் தட்டினாங்க அத்தை. ஆனா சாமு மாமா உள்ள என் பின்னாடிதான் நின்னுகினு இருந்தாரு. திருப்பதியில அவர்தான் தட்டுவாராம். இங்க யாரு தட்டறாங்கன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு. திருப்பதியில மாதிரி பலமா தட்டல. மெதுவா தட்டினாங்க. அதுதான் அத்தை ரொம்ப பயம்."

6 செப்டம்பர், சனி

தூறல் விடவில்லை. முழுசாக எழுதவேண்டும், ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

இரண்டு மணிக்குப் புடவை மாற்றினேன். வெள்ளைப் புடவை, ஆலயத்துக்குக் கட்டுவது. ஐந்து மணிக்கு ஆயத்த ஆராதனை இருக்கிறதே. லில்லியைக் கூப்பிடவில்லை. குடை எடுத்துக்கொண்டு டாக்கீஸுக்கு நடந்தேன். டிக்கெட் கிழிக்கிறவன், "ஆயா, இது சாமி படம் இல்ல" என்றான். "எனக்கும் தெரியும், கிழி" என்றேன்.

பக்கக் கதவை ஒட்டி இடம் பிடித்தேன்.

இரண்டாம் தடவை பார்க்கும்போது இன்னும் நன்றாக இருந்தது. போன தடவை கண்ணை மூடிக்கொண்ட இடங்களையெல்லாம் பார்த்தேன். கனவில் கதவு ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் சின்னதாகிறது. கடைசியில் குழந்தை உயரம்தான். யாரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை, அவனாகவே செய்து விட்டுவிட்டான். என் பிள்ளை உயரம். சின்னுவை நேரில் பார்க்காதவன் எப்படி அளந்தான் தெரியவில்லை.

கிழவி நடந்தாள். சாவியைக் கீழே வைத்தாள். கையைத் தூக்கினாள். திரை வெள்ளை.

கதவில் தட்டினார்கள். மெதுவாக. மூன்று. நிறுத்தி, மூன்று.

எனக்கு அந்தக் கை தெரிந்துவிட்டது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சின்ன வயசில் குளியலறைக்குள் நான் இருக்கும்போது, ஜல்தி வாடி என்று வெளியே இப்படித்தான் தட்டுவாள்.

எழுந்தேன். பின்னால் யாரோ, "ஆயா, வாணாம், வாணாம்!" என்றார்கள். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. இரண்டு கையாலும் இழுத்தேன். திறந்தேன்.

டார்க்கஸ். சாக்கடை ஓரத்தில் செங்கல்மேல் நின்றுகொண்டிருந்தாள். தலை பஞ்சு. இடது கையில் கம்பி ஒடிந்த குடை. வலது கை தூக்கியபடி. கொஞ்சம் முந்தியிருந்தால் என் மூக்கில் தட்டியிருப்பாள்.

கொட்டகைக்குள் வெளிச்சம் பாய்ந்ததும் நாலு பேர் அலறினார்கள். "கெழவி வந்துட்டாடா! படத்துலருந்து வந்துட்டா!"

ஒருவன், "டேய், ரெண்டு கெழவிங்க! அதே டிக்கெட்டுக்கு இன்னொரு சீனு!" என்று கை தட்டினான்.

நான் வெளியே வந்து கதவை இழுத்துவிட்டேன். இரண்டு பேரும் தூறலில். எனக்கு அறுபத்தாறு, அவளுக்கு எழுபது.

"எஸ்தரு" என்றாள்.

"எத்தினி ஆட்டமா தட்டற?"

"நேத்து நாலு. இன்னிக்கு இது ரெண்டாவது."

"கை வீங்கிக் கீது."

"ஆமா."

"நான் வருவேன்னு யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நீ வராம கூட போயிருப்ப. நான் தட்டத்தான் முடியும்."

அழுகை வரவில்லை. "குடைய மாத்தக் கூடாதா, இப்பிடியா நனையறது" என்று சொன்னேன். என் குடைக்குள் வந்தாள். சைக்கிள் ஸ்டாண்ட் வழியாக நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும், "எங்கடி போறோம்?" என்றாள்.

"அஞ்சு மணி ஆராதனைக்கு."

"சினிமாவுலருந்தா?"

"கால்ல சேறு கீது, கழுவிக்க."

ஆலயத்தில் என் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஐயா வழக்கம்போல முடித்துவிட்டு, "யார்மேலாவது மனத்தாங்கல் உண்டா?" என்று கேட்டார். கேட்கும்போதே என்னைத்தான் பார்த்தார். பக்கத்தில் இருந்தவள் நான் வெளியே போக வசதியாகக் காலை மடக்கிக்கொண்டாள். நாற்பத்திரண்டு வருஷப் பழக்கம்.

எனக்குள் தேடிப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாதே. டார்க்கஸ் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த பித்தளைச் சொம்பு, அது எனக்கென்று வைத்தது, அது இருக்கிறது. சாமு டீயை மிச்சம் வைத்தது இருக்கிறது. சங்கத்துக் காரியதரிசி இருக்கிறாள், பஸ்ஸில் காலை மிதித்தவள் இருக்கிறாள். அந்தப் பூட்டிய கதவைத் தேடினேன். அதற்கு முன்னால் யாரும் நிற்கவில்லை.

நான் எழவில்லை. பக்கத்தில் இருந்தவள் காலை நீட்டிக்கொள்ள மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

7 செப்டம்பர், ஞாயிறு

மழை விட்டது. திருவிருந்து எடுத்தோம். திராட்சரசம் புளிப்பு, முன்பெல்லாம் இனிப்பாக இருந்தது.

மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. சொம்பைத் திருப்பித் தருகிறேன் என்றாள். அடி நசுங்கிவிட்டதாம். நசுக்கினது யார் என்று கேட்டேன்.

சாப்பாடு: ஆட்டுக்கறிக் குழம்பு, ரசம், வடாம். டார்க்கஸ் சோறு மிச்சம் வைக்கவில்லை. ஆபிரகாமைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அவன் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா பெரீம்மா, அப்பிடி பாக்கற?" என்றான். "துன்னு, துன்னு" என்றாள்.

சாமு வந்தான். ஒரு வழியாகச் சொல்லிவிட்டேன், படம் நன்றாக இருக்கிறது, சுவர்த்துணியை மட்டும் கீழே ஆணி அடித்துவிடு என்று. இன்னும் ஒரு வாரம் ஓடுமாம். பக்கக் கதவுக்கு ஆள் வேண்டுமாம். "உங்கம்மா கைக்கு எண்ணெ போட்டிருக்கேன், வேற ஆளப் பாரு" என்றேன்.

இப்போது வீடு அமைதி. லில்லி பாத்திரம் கழுவுகிறாள். பேசிக்கொண்டே இருந்த டார்க்கஸ் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள். வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. கை இடுப்பில்தான் இருக்கிறது, ஆனால் எதையும் தேடவில்லை. தெருக்கதவு, கூடத்துக் கதவு, பின்கட்டுக் கதவு மூன்றையும் திறந்து செங்கல் வைத்துவிட்டேன், காற்றில் சாத்திக்கொள்ளாமல்.

மணி ஒன்றரை. பாயில் இன்னும் இடம் இருக்கிறது. நானும் கொஞ்சம் தலை சாய்த்துப் பார்க்கிறேன்.